கடல்வாசல் ஆணையத்தின் வெள்ளைப் பொத்தான்

கடலுக்கு வாசல் கிடையாது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தவர்கள் தங்கள் எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். வாசல் இருக்கிறது. புதுக்கோட்டை டவுனில், பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ போகும் தூரத்தில், உப்புக்காற்றே படாத ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் இருக்கிறது. அதற்குக் கடல்வாசல் ஆணையம் என்று பெயர். கடலைப் பார்த்தவர்கள் அங்கே வேலைக்குச் சேரக் கூடாது என்று விதி ஒன்றும் கிடையாது. அது தானாக அப்படி அமைந்துவிட்டது.

ஆணையம் கேட்டது சின்ன விஷயம்தான். கடலுக்குப் போகிற ஒவ்வொரு படகுக்காரரும், போவதற்கு முன்னால் செல்போனில் ஆணையத்தின் பக்கத்தைத் திறக்க வேண்டும். படகு எண்ணைப் போட்டு 'புறப்பாடு' என்பதை அமுக்க வேண்டும். உடனே நடுவில் ஒரு சின்னப் பெட்டி எழும்பி வந்து, 'நிச்சயமாகப் புறப்படுகிறீர்களா?' என்று கேட்கும். 'ஆம்' என்றால் பச்சைக் குறி வரும். அந்தப் பச்சையைக் கரையில் உட்கார்ந்திருக்கும் ஆணையத்தின் ஆளிடம் காட்டிவிட்டு நங்கூரத்தை எடுக்கலாம். காலங்காலமாக யாரிடமும் சொல்லாமல் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒழுங்கீனம் இத்துடன் ஒழிந்தது என்று திறப்பு விழாவில் பேசினார்கள்.

கட்டுமாவடி அருள்தாஸிடம் ஒரு ஃபைபர் படகு இருந்தது, நண்டு வலை இருந்தது, கூட வர இரண்டு ஆட்கள் இருந்தார்கள். ஆடிக் காற்று அடங்கி நண்டு கரைப்பக்கம் வருகிற நேரம். இந்த நேரத்தில் படகு மணலில் கிடந்தால் ஆட்கள் இரண்டு பேரும் ஜெகதாப்பட்டினத்துக்குப் பெரிய படகுக்குப் போய்விடுவார்கள். அவர்கள் போய்விட்டால் அருள்தாஸ் படகை விற்றுவிட்டு, மற்றவர்கள் மாதிரி துபாய்க்கோ திருப்பூருக்கோ பெட்டி கட்ட வேண்டியதுதான். இது அவருக்குத் தெரியும், அவர் மனைவி அன்புமொழிக்குத் தெரியும், அந்த ஆட்களுக்கும் நன்றாகவே தெரியும்.

அவர் 'புறப்பாடு' என்பதை அமுக்கினார். செல்போன் கறுத்துப்போய்விட்டது.

செத்துப்போய்விட்டதோ என்று முதலில் நினைத்தார். சாகவில்லை. திரை முழுக்கக் கறுப்பாக ஒரு துணி விரித்த மாதிரி இருந்தது. உற்றுப் பார்த்தால், கொசுவலைக்குள் படுத்திருக்கும் ஆள் மாதிரி, துணிக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு பெட்டி தெரிந்தது. தொட்டால் அசையவில்லை.

கரையில் குடை விரித்து, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கையில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்த அய்யப்பன்தான் ஆணையத்தின் ஆள். ஆலங்குடிப் பக்கம் முந்திரிக்காட்டுக்காரர். கெட்டவர் இல்லை.

"அண்ணே, பெட்டி இருட்டுக்குள்ள கெடக்குங்க" என்றார் அருள்தாஸ்.

"எல்லாருக்கும் அப்படித்தாங்க இருக்கு. பச்ச வந்தாப் போங்க. வரலைன்னா இப்படி நெழலுக்கு வந்து உக்காருங்க" என்றார் அய்யப்பன்.

எல்லாருக்கும் அப்படி இல்லை என்பது பிறகு தெரிந்தது. ரொம்பப் பழைய செல்போன் வைத்திருந்தவர்களுக்குப் பெட்டி எழும்பவே இல்லை. எழும்புகிற அளவுக்கு அந்தப் போன்களுக்குத் தெம்பு கிடையாது. கேள்வியே கேட்காததால் அவர்களுக்கு நேராகப் பச்சை வந்துவிட்டது. கறம்பக்குடிச் சந்தையில் உடைசல் போன் விற்பவன் ஒரே வாரத்தில் பெரிய மனுசன் ஆனான். அருள்தாஸும் ஒன்று வாங்கினார். ஆனால் பதிந்த செல்போனை மாற்றுவதற்கு ஆணையத்தின் சம்மதம் வேண்டும் என்றார்கள். அந்தச் சம்மதத்தையும் அதே கறுப்புத் துணிக்குப் பின்னால் கிடந்த பெட்டியில்தான் கேட்டார்கள். அருள்தாஸ் அறந்தாங்கி போய் பஸ் மாறிப் புதுக்கோட்டையில் இறங்கினார்.

ஆணையத்தின் கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உள்ளே பெட்டிப் பிரிவு, திரைப் பிரிவு, வண்ணப் பிரிவு என்று பல பிரிவுகள். ஒரு பிரிவுக்கும் இன்னொரு பிரிவுக்கும் நடுவே கதவு கிடையாது, ஜன்னல்கூடக் கிடையாது. ஒவ்வொரு பிரிவுக்கும் தனி கேட், தனி படிக்கட்டு, தனி கக்கூஸ். பெட்டிப் பிரிவின் வாசல் மெயின் ரோட்டில். அதற்கு அடுத்த அறையான திரைப் பிரிவின் வாசல் பின்தெருவில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் வெளியே வந்து, டீக்கடையைச் சுற்றி, சாக்கடைப் பலகையைத் தாண்டிப் போக வேண்டும். இணையப் பக்கத்தையும் இதே முறையில்தான் கட்டியிருந்தார்கள்.

பெட்டிப் பிரிவின் தலைவி சுகுணா மேடம் அருள்தாஸை மரியாதையாகவே உட்காரச் சொன்னார்.

"எங்க பெட்டியில எந்தக் குறையும் இல்லீங்க. அதுக்கு மேல துணியப் போட்டது திரைப் பிரிவு. பெட்டி வரும்போது பின்னால உள்ளதெல்லாம் மங்கலாத் தெரியணும்னு அவங்க ஒரு இருட்டுத் திரை செஞ்சாங்க. அது பெட்டிக்குப் பின்னால போகணும். முன்னால வந்து உக்காந்துக்கிச்சு."

"அவங்ககிட்ட சொன்னீங்களா மேடம்?"

"நாங்க அவங்ககிட்டப் பேசறதில்ல."

"சண்டைங்களா?"

"சண்டையெல்லாம் இல்லீங்க. பேசறதுக்கு வழி வைக்கல" என்று அவர் சுவரைக் காட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தும்முவது கேட்டது.

வழி இல்லாவிட்டாலும் போட்டி இருந்தது. இணையப் பக்கத்தில் எது மேலே, எது கீழே என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண் உண்டாம். எண் பெரிதானால் அது மேலே வரும். பெட்டிப் பிரிவு தன் பெட்டிக்கு நூறு போட்டது. அதைக் கேள்விப்பட்டுத் திரைப் பிரிவு ஆயிரம் போட்டது. பெட்டிப் பிரிவு ஒன்பதுகளாக அடுக்கியது. திரைப் பிரிவு அதற்கு மேல் ஒன்பதுகளை அடுக்கியது. இந்த எண்ணைப் படிப்பதற்கே தனியாக ஒரு உதவியாளர் பணியிடம் கேட்டு எழுதியிருந்தார்கள்.

வெளியே டீக்கடையில், ஆணையத்துக்கு ஒப்பந்தத்தில் வேலை செய்யும் எஞ்சினியர் வசந்த் டீ குடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எந்தப் பிரிவும் கிடையாது, அதனால் நாற்காலியும் கிடையாது.

"எத்தனை ஒம்பது போட்டாலும் வேலைக்காகாதுங்கண்ணே. பொட்டி உக்காந்திருக்கிற எடமே பள்ளம். அப்பன் பள்ளத்துல நின்னுக்கிட்டு மகனத் தோள்ல தூக்கி வச்சா மகன் ஒசந்துருவானா? மேட்டுல நிக்கிறவனுக்குக் கீழதான்" என்றான்.

"அப்ப அந்த அப்பனத் தூக்கி மேட்டுல நிறுத்துங்க தம்பி."

"அப்பன் வேற பிரிவுண்ணே."

அருள்தாஸுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கும்பிடு போட்டுவிட்டு ஊருக்கு பஸ் ஏறினார். ஆனால் ஆணையத்துக்குப் பிரச்சினை புரிந்துவிட்டது. ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து 'மேல்-கீழ் ஒருங்கிணைப்பு மாநாடு' நடத்தினார்கள். சாப்பாட்டில் கடல் உணவு இருந்தது. திரைப் பிரிவுத் தலைவருக்கு மாநாட்டு மேடையில் மேல் வரிசையில் நாற்காலி போடுவது என்றும், அதற்குப் பதிலாக அவருடைய திரை பெட்டிக்குக் கீழே இறங்குவது என்றும் உடன்பாடு ஆனது. 'இனி பெட்டி முழுமையாகத் தெரியும்' என்று கட்டுமாவடிக்காரர்கள் அத்தனை பேர் செல்போனுக்கும் செய்தி வந்தது.

முழுமையாகத் தெரிந்தது. வெள்ளை வெளேரென்று, நாலு மூலையும் வழவழவென்று, பெட்டி எழும்பி வந்து நின்றது. மேலே ஆணையத்தின் சின்னமான ஆமை. அதன் கீழே கறுப்பு எழுத்தில் கேள்வி: 'நிச்சயமாகப் புறப்படுகிறீர்களா? கீழே உள்ளவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.' கீழே ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை.

அன்புமொழி போனை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள், சேலைத்தலைப்பால் துடைத்துப் பார்த்தாள். "இதுல ஒண்ணுமே இல்லையேங்க. நம்மள வச்சு வெளையாடுறாங்களா?" என்றாள். ஆட்களில் ஒருவன் ஜெகதாப்பட்டினத்துக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டிருந்தது அருள்தாஸ் காதில் விழுந்தது. மறுபடியும் பஸ் ஏறினார்.

இந்தத் தடவை வண்ணப் பிரிவு. தலைவர் நாகராசு, நிறங்களைப் பற்றிப் பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

"பொத்தானுக்குத் தரை நீலம், எழுத்து வெள்ளை. கடலும் நுரையும். அது எங்க தத்துவம். நாங்க ரெண்டும் பூசியாச்சு. வெளிய உள்ள எல்லாப் பொத்தானும் ஜம்முன்னு இருக்கு பாருங்க. பெட்டிக்குள்ள இருக்கிற பொத்தானுக்கு மட்டும் நீலம் போக மாட்டேங்குது. பெட்டிய மூடி வச்சிருக்காங்க. நாங்க வெளிய இருந்து என்ன பூசினாலும் உள்ள ஒட்டாது."

"வெள்ளை எழுத்து மட்டும் எப்படிங்க உள்ள போச்சு?"

நாகராசு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். இது தன் பிரிவைச் சார்ந்த கேள்வி இல்லை என்றார்.

அதற்கும் டீக்கடையில் வசந்த்தான் பதில் சொன்னான். "எழுத்தோட நெறம் அப்பன் கடன் மாதிரிண்ணே. கேக்காமலே பிள்ளை தலையில எறங்கிரும். தரையோட நெறம் அப்பன் நெலம் மாதிரி. எழுதி வச்சாத்தான் வரும். அதான் வெள்ளைப் பெட்டியில, வெள்ளைத் தரையில, வெள்ளை எழுத்து. பொத்தான் அங்கதான் இருக்கு. ஒங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

"இதுக்கு வழியே இல்லையா தம்பி?"

"பொட்டிக்காரங்க ஒரு சின்ன ஓட்டை விட்டாப் போதும். அந்த ஓட்டைக்கு ஒரு பேர் வச்சு, 'இது வழியா நெறம் ஊத்திக்கங்க'ன்னு சொல்லிட்டா ஒரு நிமிச வேலை. நான் எழுதிக் குடுத்து ரொம்ப நாளாச்சு."

அருள்தாஸ் டீக்கடையைச் சுற்றி, சாக்கடைப் பலகையைத் தாண்டி, மெயின் ரோட்டு வழியாகப் பெட்டிப் பிரிவுக்குள் போய், ஓட்டை விடச் சொல்லிக் கேட்டார். சுகுணா மேடத்தின் முகம் சிவந்துவிட்டது.

"ஓட்டையா? எங்க பெட்டியிலயா? ஏங்க, இன்னைக்கு நெறம் வரும். நாளைக்கு ஓரம் வரும். நாளான்னைக்கு எழுத்தோட அளவு இவ்வளவுதான் இருக்கணும்பாங்க. அப்புறம் பெட்டின்னு எதுக்கு? திறந்தவெளின்னு போர்டு மாட்டிட்டுப் போயிரலாமே! அடுத்தவன் கை படாத பெட்டிங்க இது. சென்னையிலேர்ந்து வந்து பாத்துட்டுப் போனாங்க. ஒரு ஓட்டை கெடையாதுன்னு பாராட்டி எழுதியிருக்காங்க."

"நான் கடலுக்குப் போகணும் மேடம்."

"அதை நாங்க ரொம்ப மதிக்கிறோம். ஆனா பெட்டிக்கும் ஒரு சுயமரியாதை இருக்குல்ல?"

ஒரு பெட்டியின் சுயமரியாதைக்காகத் தன் படகு மணலில் காய்ந்துகொண்டிருக்கிறது என்பதை அருள்தாஸ் பஸ்ஸில் வரும்போது பல தடவை நினைத்துப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. அறந்தாங்கியில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது வாய்விட்டே ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.

வழி கண்டுபிடித்தது அன்புமொழியின் தம்பி அஜித். அவனுக்கும் சொந்தப் படகு. ஒருநாள் காலை திடீரென்று அவன் படகு கடலில் நின்றது. அருள்தாஸ் அன்புமொழியின் போனில் கூப்பிட்டார்.

"மாப்ள, எப்படிடா போன? பச்ச வந்துச்சா?"

"வந்துச்சு மச்சான். கண்ணுக்குத் தெரியலைன்னா என்ன, கடலுக்கடியில கெடக்குற பாருப் பாற தெரியுதா? கணியம் வச்சுத்தானே எடம் புடிக்கிறோம்? அதே மாதிரி புடிச்சேன்."

கடலில் இடத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வலை போட்ட இடத்துக்குத் திரும்பப் போக வேண்டுமானால், படகிலிருந்து கரையைப் பார்க்க வேண்டும். மாதா கோவில் கோபுரமும் அதற்குப் பின்னால் உள்ள ஒற்றைப் பனையும் ஒரே நேராக வந்தால், அந்தக் கோட்டில்தான் இடம். இன்னொரு பக்கம் இன்னும் இரண்டு அடையாளம். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் வலையை இறக்கலாம். இதைத்தான் கணியம் என்பார்கள். சின்னப் பிள்ளையிலிருந்தே படகில் ஏறுகிறவர்களுக்கு இது மூச்சு விடுகிற மாதிரி.

"ஆமை வாலுக்கு நேரா கீழ எறங்குங்க. கேள்விக்குறியிலேர்ந்து ரெண்டு வெரக்கட எறங்கினா அங்க ரெண்டு பொத்தான் பக்கத்துல பக்கத்துல இருக்கு. வாடப் பக்கம் உள்ளத அமுக்குங்க. சோழப் பக்கம் போயிராதீங்க."

வாடை என்றால் வடக்கு. சோழம் என்றால் தெற்கு. கட்டுமாவடியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். செல்போனில் எந்தப் பக்கம் வடக்கு என்று மட்டும் அதுவரை யாரும் யோசித்ததில்லை.

அஜித் பொத்தானைக் கண்டுபிடித்தபோது கரையில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடலைப் பார்த்து உட்கார்ந்தால் வடக்கு இடது கைப்பக்கம். அருள்தாஸுக்கோ, கணியம் என்ற சொல்லைக் கேட்டதுமே உடம்பு படகில் ஏறிவிட்டது. கணியம் பார்க்கிறவன் கடலில் நின்று கரையைத்தான் பார்ப்பான். கரையைப் பார்த்தால் வடக்கு வலது கைப்பக்கம். அவர் ஆமை வாலைப் பிடித்து இறங்கினார், கேள்விக்குறியில் விரலை வைத்து அளந்தார், எந்தத் தயக்கமும் இல்லாமல் வலது பக்கம் அமுக்கினார். நாற்பது வருசக் கடல் அனுபவம் அந்த விரலில் இருந்தது.

உடனே செய்தி வந்தது. 'வாழ்த்துகள்! தங்கள் விருப்பப்படி தங்கள் படகு பதிவிலிருந்து நிரந்தரமாக நீக்கப்பட்டது. எங்கள் சேவைக்கு ஐந்து நட்சத்திரங்களில் மதிப்பளிக்கவும்.' நட்சத்திரங்களும் வெள்ளையாகத்தான் இருந்தன.

புறப்படுகிறாயா என்று கேட்கிற பெட்டியில், படகையே ஒழித்துக்கட்டும் பொத்தானை எதற்காகப் பக்கத்தில் வைத்தார்கள் என்று யாருக்கும் தோன்றலாம். பொத்தான்களை ஜோடியாகத்தான் தயாரிக்கிறார்கள். இரண்டாவதற்கு ஏதாவது ஒரு வேலை கொடுக்க வேண்டியிருந்தது.

அருள்தாஸ் மூன்றாம் தடவையாகப் புதுக்கோட்டைக்குப் போனார். இந்த முறை ஆணையத்தின் தலைவரான சோலையப்பன் முன்னிலையில் விசாரணை. தலைவரின் மேசையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதில் இரண்டு மீன்கள் இருந்தன. இரண்டும் ஆற்று மீன்கள்.

"நீங்க பாக்காம அமுக்கியிருக்கீங்க" என்றார் தலைவர்.

"பாத்தாத் தெரியலீங்களே சார்."

"தெரியாததை அமுக்கலாமா?"

"அமுக்காம பச்ச வராதுங்களே."

"அதைத்தான் நானும் சொல்றேன். பச்சை வேணும்னா அமுக்கணும். அமுக்கணும்னா பாக்கணும். பாக்கணும்னா தெரியணும். தெரியறதுக்கு ஏற்பாடு நடந்துக்கிட்டிருக்கு. அதுக்குள்ள நீங்க அவசரப்பட்டா ஆணையம் என்ன செய்யும்?"

அருள்தாஸ் மேசைக்குக் கிட்டே ஓர் அடி வந்தார். பிறகு, "இந்தப் பொத்தான் தெரியலைன்னு எங்க ஊரு ஆளுக அத்தன பேரும் புகார் குடுத்திருக்கோம் சார்" என்றார்.

தலைவர் முகத்தில் ஒரு பெருமிதம் பரவியது. "இங்கதான் நீங்க தப்பு பண்றீங்க. இந்த வருசம் ஆணையத்துக்கு ஒரு புகார்கூட வரல. நானே பாத்தேன். புகார்ப் பக்கத்துல எழுதினீங்களா?"

"எழுதினோம் சார்."

"எழுதி முடிச்சதும் 'நிச்சயமாகப் புகார் கொடுக்கிறீர்களா?'ன்னு ஒரு பெட்டி வந்திருக்குமே?"

"வந்துச்சு சார்."

"அதுல 'ஆம்' அமுக்கினீங்களா?"

அருள்தாஸ் தொட்டிக்குள் இருந்த மீன்களைப் பார்த்தார்.

"அப்ப நிச்சயமில்லாத புகாரை ஆணையம் எப்படி ஏத்துக்கும்? பாருங்கய்யா, நான் மனுசனா ஒங்க கஷ்டத்தைப் புரிஞ்சுக்கிறேன். ஆனா தலைவராப் புரிஞ்சுக்க எனக்கு அதிகாரம் இல்ல." அவர் மீன்களுக்கு இரண்டு உருண்டை இரை போட்டார். "சரி, படகைத் திரும்பப் பதிவு பண்ணலாம். படகை ஆய்வு பண்ணணும்."

"எப்ப வாரீங்க சார்? கரையிலதான் கெடக்கு."

"எங்க வர்றது? எந்தப் படகுக்கு? பதிவுல இருக்கிற படகைத்தான் ஆணையம் போய்ப் பாக்கும். ஒங்க படகு பதிவுல இல்ல. ஆணையத்தைப் பொறுத்தவரைக்கும் அப்படி ஒரு படகே கெடையாது."

"சார், என் படகு சார். ஃபைபர் படகு. தொட்டுப் பாக்கலாம்."

"தொட்டுப் பாத்து நம்பறதுக்கு இது சந்தை இல்லீங்க. ஆணையம்" என்றார் தலைவர். அத்துடன் விசாரணை முடிந்தது. வெளியே டீக்கடையில் வசந்த் இல்லை. ஓட்டை ஓட்டை என்று ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்ததால் அவன் ஒப்பந்தத்தை முடித்துவிட்டார்கள் என்று டீக்கடைக்காரர் சொன்னார்.

அருள்தாஸ் வீட்டுக்கு வந்தார். ஆட்கள் இரண்டு பேரும் மறுநாள் கிளம்புவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவருக்கு அழுகை வரும்போல இருந்தது. அழுகைக்குப் பதிலாக ஆத்திரம் வந்தது. விடிகிற நேரத்தில் போய் ஆட்களை எழுப்பி, "வாங்கடா, எவன் மறிக்கிறான்னு பாத்துருவோம்" என்று கூட்டிக்கொண்டு படகைத் தள்ளினார். வலையை ஏற்றினார். சத்தம் கேட்டு அய்யப்பன் நாற்காலியிலிருந்து எழுந்து ஓடி வந்தார்.

"அருள்தாஸண்ணே, பச்ச இல்லாம எடுக்காதீங்க! என் வேலை போயிரும்!"

"போகட்டும்! என் பொழப்பு போயி எத்தன நாளாச்சு!"

அய்யப்பன் படகு எண்ணை டேப்லெட்டில் தட்டினார். அபராதம் எழுத வேண்டுமானால் முதலில் படகு கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை. மறுபடியும் தட்டினார். 'அப்படி ஒரு படகு இல்லை' என்றது. அவர் படகைப் பார்த்தார். கையால் தொட்டும் பார்த்தார். பிறகு தலைமையகத்துக்குப் போன் போட்டு, கொஞ்ச நேரம் 'ஆமாங்க, ஆமாங்க' என்று சொல்லிவிட்டு வைத்தார்.

"என்னய்யா சொல்றாங்க?"

"இல்லாத படகை நிறுத்த நமக்கு அதிகாரம் இல்லைங்கறாங்க" என்றார் அய்யப்பன். அவர் குரலில் குழப்பமும் நிம்மதியும் சேர்ந்து இருந்தன. "பதிவுல உள்ள படகுதான் பச்ச வாங்கணுமாம். நீங்க... நீங்க போங்கண்ணே."

அன்று நண்டு நல்லபடியாகக் கிடைத்தது. செய்தி கரை முழுக்கப் பரவியதும், ஊரே ஆமை வாலைப் பிடித்து இறங்கி, சோழப் பக்கத்துப் பொத்தானை அமுக்கத் தொடங்கியது. இதற்கு முன்னால் இடதா வலதா என்று நடுங்கியவர்கள் இப்போது தைரியமாக அமுக்கினார்கள். தப்பான பொத்தான் என்று இனிமேல் ஒன்று இல்லை. ஒவ்வொருவருக்கும் வாழ்த்துச் செய்தி வந்தது. அய்யப்பன் தினமும் காலையில் குடைக்குக் கீழே உட்கார்ந்து, இல்லாத படகுகள் வரிசையாகக் கடலுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது அவருக்குக் குழம்புக்கு நண்டு கொடுத்தார்கள். அந்த நண்டு மட்டும் இருந்தது.

புதுக்கோட்டையில் ஆணையத்தின் ஆண்டு விழா விமரிசையாக நடந்தது. சோலையப்பனின் பேச்சு நாளிதழில் கால் பக்கம் வந்தது. "கட்டுமாவடிக் கரையிலிருந்து இந்தப் பருவத்தில் அனுமதியில்லாமல் கடலுக்குச் சென்ற படகு ஒன்றுகூட இல்லை. விதிமீறல் இல்லை, புகார் இல்லை, விபத்து இல்லை. ஏன், படகே இல்லை! இந்த நிலையை எட்டிய முதல் கடற்கரை இதுதான் என்பதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று அவர் பேசியபோது கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனதாம். கடைசிவரை ஓட்டை விழாமல் பெட்டியைக் காத்ததற்காக சுகுணா மேடத்துக்குக் கேடயம் கொடுத்தார்கள். அதை ஒரு பெட்டியில் வைத்து, மூடித்தான் கொடுத்தார்கள்.

அன்புமொழி அந்தப் பேப்பரைக் கரையில் நின்று படித்தாள். கொண்டல் காற்று கிளம்பியிருந்தது, அலை கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அருள்தாஸ் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நம்ம படகு இவங்க கணக்குல இல்லல்ல?"

"இல்ல. அதான் நிம்மதியாப் போயிட்டு வாரேன்."

"ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயி, நீங்க திரும்பி வரலைன்னா? இல்லாத படக யாரு தேடுவா?"

கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "ராக்கன் போனானே, என் கூடப் பொறந்தவன். அவன் படகு பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாத்துலயும் இருந்துச்சு. யாரு தேடுனா? நம்ம ஆளுகதானே எட்டுப் படக எடுத்துக்கிட்டுப் போயித் தேடுனோம்? அவனுகளுக்கு நாம என்னைக்கு இருந்தோம், இன்னைக்கு இல்லாமப் போறதுக்கு?"

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பேப்பரைச் சுருட்டி, சோற்றுத் தூக்குக்குக் கீழே பிரிமணையாக வைத்துப் படகில் கொடுத்தாள்.

"எங்கிட்டுப் போறீங்கன்னு அஜித்துகிட்ட சொல்லிட்டாவது போங்க."

அருள்தாஸ் எழுந்து நின்று, பக்கத்துப் படகைப் பார்த்துக் கத்தினார். "மாப்ள! கோவிலும் பனையும் சேர்ற கோட்டுல, நாலு பாகம் ஆழத்துல கெடப்பேன். பொழுது சாயறதுக்குள்ள வரலைன்னா அங்க வந்து பாரு!"

எஞ்சின் சத்தத்துக்கு நடுவே அஜித் கையைத் தூக்கிக் காட்டினான். அன்புமொழி அதைப் பார்த்த பிறகுதான் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகைத் தள்ளிவிட்டாள்.